தவ்பாவுக்கு ஒரு பூட்டு: சூதாட்டத்திலிருந்து தன்னைத்தானே தடுத்துக்கொள்ளும் ஏற்பாடு

 

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து மக்கள் கலைந்த பிறகு ஒரு தாயார் பள்ளிவாசல் அருகே நமக்காகக் காத்திருந்தார். கையில் ஒரு தண்ணீர் பாட்டில். "ஹஜ்ரத், இதில் கொஞ்சம் ஓதித் தாருங்கள். சிங்கப்பூரில் இருக்கும் மகன் அடுத்த வாரம் லீவில் வருகிறான். அவனுக்குக் குடிக்கக் கொடுக்க வேண்டும்" என்றார்.

மகனுக்கு என்ன நோய் என்று கேட்டோம். வெகுநேரம் தயங்கிவிட்டுச் சொன்னார். மகன் சூதாடுகிறான். இரண்டு முறை வீட்டு நகையை விற்றுக் கடன் அடைத்தாகிவிட்டது. போன லீவில் வந்தபோது குர்ஆன் மீது கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டுப் போனான். அந்தச் சத்தியம் மூன்று மாதம் தாங்கியது. இப்போது மாதாமாதம் வந்துகொண்டிருந்த பணமும் நின்றுவிட்டது. "அவன் கெட்ட பிள்ளை இல்லை ஹஜ்ரத். போனில் அழுகிறான். விட நினைக்கிறேன், முடியவில்லை உம்மா என்கிறான்" என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்துவிட்டது.

நாம் ஓதிக் கொடுத்தோம். ஷிஃபாவைத் தருபவன் அல்லாஹ் ஒருவனே. கூடவே ஒரு விஷயத்தையும் சொன்னோம்: "சூதாட்டக்கூடத்தின் வாசலைத் தனக்கு மட்டும் பூட்டிவிடும்படி உங்கள் மகன் கேட்டுக்கொள்ளலாம். அதற்கு அந்த நாட்டுச் சட்டத்திலேயே வழி இருக்கிறது." தாயாருக்கு இது புதிய செய்தி. அந்த ஊரிலேயே வேலை செய்யும் மகனுக்கும் புதிய செய்தியாகத்தான் இருந்தது.

நம்மில் பல குடும்பங்களுக்கு இது தெரியாது என்பதால்தான் இந்தக் கட்டுரை.

சத்தியம் ஏன் தாங்குவதில்லை?

சூதாட்டம் ஹராம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. மதுவையும் சூதாட்டத்தையும் ஷைத்தானின் அருவருப்பான செயல்கள் என்று சொல்லி, அவற்றை விட்டு விலகும்படி அல்லாஹ் கட்டளையிடுகிறான். அவற்றின் மூலம் ஷைத்தான் உங்களிடையே பகையையும் வெறுப்பையும் மூட்டுகிறான், அல்லாஹ்வின் நினைவை விட்டும் தொழுகையை விட்டும் உங்களைத் தடுக்கிறான் என்று அதற்கான காரணத்தையும் அடுத்த வசனத்தில் சொல்கிறான் (அல்குர்ஆன் 5:90, 91). சூதாடி ஒருவர் இருக்கும் வீட்டில் போய்ப் பார்த்தால் இந்த வசனத்துக்கு வேறு தஃப்ஸீர் தேவைப்படாது.

அந்தத் தாயாரின் மகனுக்கும் இது ஹராம் என்று தெரியும். தெரிந்தும் ஏன் போகிறான்? ஈமான் பலவீனம் என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவது நமக்கு எளிது. ஆனால் அந்தச் சொல்லால் அவனுக்கு எந்த உதவியும் கிடைப்பதில்லை.

மருத்துவம் இதை ஒரு போதை நோயாகவே பார்க்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013இல் வெளியிட்ட தன் நோய் வகைப்பாட்டில், சூதாட்டக் கோளாறை மது, போதைப்பொருள் அடிமைத்தனம் இருக்கும் அதே பிரிவில் சேர்த்தது. எப்போது வெற்றி வரும் என்று தெரியாமல் இருப்பதே மூளையைக் கட்டிப்போடுகிறது. ஓர் எண் தள்ளிப்போய்த் தோற்றால், அடுத்த முறை நிச்சயம் என்று மனம் நம்பிவிடுகிறது. தோற்றுக்கொண்டே இருந்தால், 'விட்டதைப் பிடித்துவிட்டு நிறுத்திவிடுகிறேன்' என்கிறது. சூதாட்டத்தில் அழிந்தவர்களில் இந்த வாக்கியத்தைச் சொல்லாதவர் மிகக் குறைவு.

சத்தியம் செய்யும்போது மனிதன் உம்மாவின் எதிரில் அமைதியாக, அழுது ஓய்ந்த நிலையில் இருக்கிறான். அந்தச் சத்தியம் சோதிக்கப்படுவதோ சம்பளம் வந்த இரவில், தனிமையில், கடன்காரனின் போன் வந்த பிறகு. முதல் நேரத்தில் இருந்த மனிதனின் முடிவை, இரண்டாவது நேரத்தில் இருப்பவன் ஒரு நொடியில் மாற்றிவிடுகிறான். பிறகு சத்தியத்தை முறித்த பாவமும் சேர்ந்துகொள்கிறது. அதற்கான கஃப்பாராவைச் சொல்லும் வசனம் (5:89), சூதாட்டத்தைத் தடுக்கும் வசனத்துக்கு நேர் முன்னால் இருப்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அதனால் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சத்தியம் வாங்குவதை நிறுத்துங்கள். அமைதியான நேரத்தில் எடுத்த முடிவு, தடுமாறும் நேரத்திலும் அவனைப் பிடித்து நிறுத்த வேண்டும். அதற்கு என்ன வழி என்று யோசியுங்கள்.

தன்விருப்பத் தடை என்றால் என்ன?

ஒருவர் தம் சொந்த விருப்பத்தின் பேரில், 'என்னை உள்ளே விடாதீர்கள்' என்று எழுதிக் கொடுத்துவிடுவதுதான் தன்விருப்பத் தடை. அன்றிலிருந்து அவர் பெயர் ஒரு பட்டியலில் ஏறிவிடும். அவர் மனம் மாறி வாசலுக்கு வந்தாலும் ஊழியர்கள் அவரை அனுமதிக்கக் கூடாது. குறிப்பிட்ட காலம் முடியும் வரை அவர் நினைத்தாலும் அந்தப் பெயரை எடுக்க முடியாது. பூட்டுவது அவர் கையில் இருக்கிறது. திறக்கும் சாவி அவரிடம் இல்லை.

கனடாவின் மனிடோபா மாகாணத்தில் 1989இலேயே இந்த ஏற்பாடு இருந்தது. அமெரிக்காவின் மிசோரி மாநிலம் 1996இல் மாநிலம் முழுவதற்கும் இதைக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் அங்கே பெயர் கொடுத்தால் ஆயுள் முழுவதற்கும் தடை. பிற்காலத்தில்தான் ஐந்து ஆண்டுகளுக்குப் பின் பெயரை நீக்கக் கேட்கலாம் என்று மாற்றினார்கள். பல இடங்களில், தடையை மீறி உள்ளே போய் ஒருவர் வென்றாலும் அந்தப் பணம் அவருக்குக் கிடைக்காது, பறிமுதலாகிவிடும். வென்றாலும் கையில் எதுவும் வராது என்று தெரியும்போது ஆசையின் வேர் அறுபடுகிறது.

சிங்கப்பூரில் எப்படி?

கடையநல்லூர், தென்காசி, நாகூர், கூத்தாநல்லூர் என நம் ஊர்களுக்கும் சிங்கப்பூருக்கும் பல தலைமுறைத் தொடர்பு உண்டு. அங்கே குடியுரிமையோடு வாழும் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் இருக்கின்றன. வேலை அனுமதியில் போய் விடுதிகளில் தங்கியிருக்கும் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

அந்த நாட்டில் 2010இல் இரண்டு சூதாட்டக்கூடங்கள் திறக்கப்பட்டன. ஒன்று செந்தோசா தீவில், மற்றொன்று மரினா பேயில். அவற்றைத் திறப்பதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, 2005இல், பிரச்சினைக்குரிய சூதாட்டத்துக்கான தேசிய மன்றத்தை அரசு அமைத்துவிட்டது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே போக நுழைவுக் கட்டணம் விதித்தது. 2019 முதல் அது ஒரு நாளைக்கு 150 வெள்ளி, ஆண்டுக்கு 3,000 வெள்ளி. வெளிநாட்டவருக்கு இந்தக் கட்டணம் கிடையாது. அதாவது, அந்த ஊர்க்காரரை வாசலில் ஒரு கணம் யோசிக்க வைக்கும் தடைகூட நம் ஊரிலிருந்து உழைக்கப் போன பிள்ளைக்கு இல்லை. எனவே அவன்தான் தனக்கு ஒரு தடையை உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

தன்விருப்பத் தடைக்கு அந்தத் தேசிய மன்றத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். வேலை அனுமதியில் இருக்கும் வெளிநாட்டவரும் விண்ணப்பிக்கலாம். கட்டணம் கிடையாது. இரண்டு கூடங்களின் வாசலிலும் அடையாள ஆவணத்தைச் சரிபார்த்த பிறகே உள்ளே விடுவார்கள் என்பதால், தடை இருப்பது அங்கேயே தெரிந்துவிடும். குறைந்தது ஓராண்டு கழிந்த பிறகே தடையை நீக்கும்படி கேட்க முடியும். முழுத் தடைக்கு மனம் வராதவர்கள், மாதத்துக்கு இத்தனை முறைதான் என்று வருகைக்கு வரம்பு வைக்கும் வசதியும் அங்கே உண்டு. ஆனால் ஒரு முஸ்லிமுக்கு அது பொருந்தாது. ஹராமில் குறைத்துக்கொள்வது நம் இலக்கு அன்று. நமக்கு முழுத் தடையே வழி.

வேறு இரண்டு வகைத் தடைகளும் அந்நாட்டில் உண்டு. பொருளாதார உதவி பெறுபவர்கள், கடனில் நொடித்துப்போனதாக அறிவிக்கப்பட்டவர்கள் போன்றோரைச் சட்டமே தடுத்துவிடுகிறது. மற்றொன்று குடும்பத் தடை. கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோர், 'இவருடைய சூதாட்டத்தால் குடும்பம் பாதிக்கப்படுகிறது' என்று விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டாளர் குழு விசாரித்து ஆணை பிறப்பிக்கும். இதில் சூதாடுபவரின் சம்மதம் தேவையில்லை.

கைப்பேசியில் நுழையும் சூது

இன்று சூதாட்டக்கூடத்துக்கு நடந்து போக வேண்டிய அவசியமில்லை. தஹஜ்ஜுத் நேரத்தில் போர்வைக்குள் இருந்துகொண்டே வீட்டை அழிக்க முடிகிறது. இதற்குப் பிரிட்டனில் 'கேம்ஸ்டாப்' என்ற ஏற்பாடு 2018இல் தொடங்கியது. 2020 மார்ச் 31 முதல், அங்கே உரிமம் பெற்ற எல்லா இணையச் சூதாட்ட நிறுவனங்களும் அதில் சேர்ந்தாக வேண்டும் என்று ஆக்கினார்கள். ஒரே முறை பெயர் பதிந்தால் அத்தனை நிறுவனங்களின் கதவும் அடைபடும். ஆறு மாதம், ஓராண்டு, ஐந்தாண்டு என்று காலத்தைத் தேர்ந்தெடுக்கலாம். இடையில் மனம் மாறினாலும் காலத்தைக் குறைக்க முடியாது.

நம் நாட்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்தது. அந்தச் சட்டம் நடத்துபவரையும், விளம்பரம் செய்பவரையும், பணப் பரிமாற்றத்துக்கு உதவுபவரையும் குற்றவாளியாக்குகிறது. ஆடி ஏமாந்தவருக்குத் தண்டனை இல்லை. எனவே உதவி கேட்டு வெளியே வர அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து இயங்கும் சட்டவிரோதத் தளங்கள் இன்னும் பிள்ளைகளைத் தேடி வருகின்றன. அவற்றிடம் போய் 'என் பெயரைத் தடுத்து வையுங்கள்' என்று கேட்க முடியாது. அங்கே குடும்பம்தான் பூட்டாக இருக்க வேண்டும். அதைப் பின்னால் சொல்கிறோம்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

"அல்லாஹ்வுக்குப் பயந்து விடாதவன் ஒரு காகிதத்துக்குப் பயந்தா விடப்போகிறான்?" என்று சிலர் கேட்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்த வழி வேறு.

ஒட்டகத்தை அவிழ்த்து விட்டுவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்கலாமா என்று கேட்டவரிடம், முதலில் அதைக் கட்டு, பிறகு தவக்குல் வை என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்னார்கள் (திர்மிதி). ஓடிப்போகும் நஃப்ஸையும் கட்டத்தான் வேண்டும்.

நூறு கொலைகள் செய்தவரின் சம்பவம் நம் அனைவருக்கும் தெரியும் (புகாரி, முஸ்லிம்). அவருக்குத் தவ்பாவின் கதவு திறந்திருக்கிறது என்று சொன்ன அறிஞர் அத்துடன் நிறுத்தவில்லை. உன் ஊரை விட்டுப் போ, அது கெட்ட ஊர், நல்லவர்கள் வாழும் இடத்துக்குப் போய் அவர்களுடன் இரு என்று வழியும் காட்டினார். மனம் திருந்தினால் மட்டும் போதாது, பாவம் நடக்கும் இடத்திலிருந்து கால் விலக வேண்டும் என்பது அதிலுள்ள பாடம்.

மூன்றாவதாக அபூலுபாபா (ரலி) அவர்களின் வரலாறு. பனூ குறைழா விஷயத்தில் தம்மிடம் ஒரு தவறு நேர்ந்துவிட்டதை உணர்ந்த அந்த நபித்தோழர், நேராக மஸ்ஜிதுந் நபவீக்கு வந்து ஒரு தூணில் தம்மைத் தாமே கட்டிக்கொண்டார். அல்லாஹ் தம்மை மன்னிக்கும் வரை நகர்வதில்லை என்றார். தொழுகை நேரங்களில் அவருடைய மனைவி வந்து கட்டை அவிழ்த்துவிடுவார். தொழுத பின் மீண்டும் கட்டப்படுவார். மன்னிப்பு இறங்கியபோது நபி (ஸல்) அவர்களே தம் கரத்தால் அவரை அவிழ்த்துவிட்டார்கள் என்று ஸீரா நூல்களில் வருகிறது. மதீனா போய் வந்தவர்கள் அந்தத் தூண் இருந்த இடத்தில் 'உஸ்துவானத்துத் தவ்பா' என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள்.

அந்த உத்தமத் தோழரை நாம் சூதாடியுடன் ஒப்பிடவில்லை. மஆதல்லாஹ்! நாம் எடுத்துக்கொள்வது ஒன்றைத்தான். தம் தவறுக்காகத் தம்மைத் தாமே கட்டிக்கொண்டதை அந்தச் சமுதாயம் கேவலமாகப் பார்க்கவில்லை. அவருடைய மனைவி அவரைக் கைவிடவும் இல்லை. ஒவ்வொரு தொழுகைக்கும் வந்து நின்றார்.

"பெயரைப் பதிந்தால் மானம் போய்விடுமே" என்பது இன்னொரு தயக்கம். அந்தப் பட்டியல் நுழைவாயிலில் சரிபார்ப்பதற்காக இருக்கிறது. பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்காக இல்லை. மானம் போவது கடன்காரன் வீட்டு வாசலில் வந்து சத்தம் போடும்போதுதான்.

குடும்பத் தடைக்கும் மார்க்கத்தில் அடிப்படை இருக்கிறது. உங்கள் வாழ்வுக்கு ஆதாரமாக அல்லாஹ் ஆக்கிய செல்வத்தை விவேகமற்றவர்களிடம் ஒப்படைக்காதீர்கள், அதிலிருந்து அவர்களுக்கு உணவும் உடையும் கொடுங்கள், அவர்களிடம் கனிவாகப் பேசுங்கள் என்ற கருத்தில் குர்ஆன் கட்டளையிடுகிறது (4:5). இதிலிருந்துதான் ஃபிக்ஹில் 'ஹஜ்ர்' எனும் சட்டம் பிறந்தது. பொருளை அழிப்பவரின் கையிலிருந்து நிர்வாகத்தை எடுத்துவிடலாம் என்று இமாம்களில் பெரும்பாலோர் சொன்னார்கள். வசனத்தின் கடைசிப் பகுதியை மறந்துவிடாதீர்கள். பணத்தை நிறுத்தச் சொன்ன இறைவன், கனிவான பேச்சை நிறுத்தச் சொல்லவில்லை.

இந்தப் பூட்டின் எல்லைகள்

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் தன்விருப்பத் தடை எடுத்தவர்களிடம் ஆய்வுகள் நடந்தன. பலருக்கு ஆடும் வேட்கை குறைந்தது, தம்மைக் கட்டுப்படுத்த முடிகிறது என்ற நம்பிக்கை கூடியது. ஆனால் தடையை மீறி உள்ளே போனவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

ஒரு கதவை மூடினால் வேறு கதவைத் தேடுபவர்களும் உண்டு. சூதாட்டக்கூடத் தடை, 4டி சீட்டு வாங்குவதைத் தடுக்காது. பிரிட்டனின் பதிவேடு, உரிமம் இல்லாத தளங்களைத் தடுக்காது. இருக்கும் கடனையும் தடை அடைத்துவிடாது. கடன் நெருக்கடிதான் பலரை மீண்டும் சூதுக்கு இழுக்கிறது. அதனால் பூட்டுடன் சேர்த்து ஆலோசனையும், கடனுக்கு ஒரு திட்டமும் வேண்டும்.

குடும்பத்தார் செய்ய வேண்டியவை

முதலாவது, திட்டுவதற்கு முன் கேளுங்கள். அவன் உண்மையைச் சொல்லும் நாள் பெரிய நாள். அன்று அவனை அவமானப்படுத்தினால் மறுமுறை வாய் திறக்க மாட்டான்.

இரண்டாவது, மனம் இளகியிருக்கும் அதே நேரத்தில் தடைக்கு விண்ணப்பிக்க வையுங்கள். நாளை என்று தள்ளிப்போட்டால் ஷைத்தானுக்கு ஓர் இரவு கிடைத்துவிடும். கூடவே எல்லாச் செயலிகளையும் நீக்கி, கணக்குகளை மூடச் செய்யுங்கள்.

மூன்றாவது, பணத்தின் வழியை மாற்றுங்கள். அவன் சம்மதத்துடன், சம்பளம் வந்தவுடன் செலவுக்குப் போக மீதி வீட்டுக் கணக்குக்கு வந்துவிடட்டும். அவன் உபயோகிக்கும் கணக்கில் யூபிஐ வரம்பைக் குறையுங்கள். கடன் அட்டையை வாங்கி வையுங்கள்.

நான்காவது, கடனை அடைக்க அவன் கையில் மொத்தப் பணம் கொடுக்காதீர்கள். யாருக்கு எவ்வளவு என்று எழுதி வாங்கி, கொடுக்க வேண்டியவரிடம் நேரடியாகச் சிறுகச் சிறுகக் கொடுங்கள். நகையை விற்று ஒரே நாளில் அடைத்துவிட்டு, வேறெதையும் மாற்றாமல் விட்டால், நீங்கள் அடைத்தது கடனை மட்டும்தான். அவன் புதிதாகக் கடன் வாங்கும் வழி திறந்தே கிடக்கிறது.

ஐந்தாவது, மருத்துவ உதவியைத் தாழ்வாக நினைக்காதீர்கள். சிங்கப்பூரில் இருப்பவர்கள் 1800-6-668-668 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்கலாம். இந்தியாவில் 14416 என்பது அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம். தற்கொலை பற்றிப் பேசினால் அதை மிரட்டல் என்று ஒதுக்காமல், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். வெளிநாடு போகும் பிள்ளைகளுக்கு நாம் துஆ செய்து வழியனுப்புகிறோம். அன்றே இந்தத் தடையைப் பற்றியும் சொல்லி அனுப்பலாம். ஒரு தடவைகூட ஆடாதவனும் முன்னெச்சரிக்கையாகத் தன் வாசலைப் பூட்டிக்கொள்வதில் தவறே இல்லை. தீமைக்குப் போகும் வழியையே அடைப்பதை 'ஸத்துத் தராயிஃ' என்று நம் உஸூல் நூல்கள் சொல்கின்றன.

அந்தத் தாயாரின் மகன் லீவில் வந்தபோது நம்மை வந்து பார்த்தான். அதிகம் பேசவில்லை. நாமும் உபதேசம் செய்யவில்லை. உம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, தடைக்கு வேண்டிய விவரங்களைத் தன் போனிலேயே பார்த்துக்கொண்டான். திரும்பிப் போன வாரத்திலேயே பெயரைப் பதிந்துவிட்டதாகச் செய்தி வந்தது. முற்றிலும் குணமாகிவிட்டான் என்று நாம் சொல்ல மாட்டோம். உள்ளங்களைப் புரட்டுபவன் அல்லாஹ். சில நாட்களுக்கு முன் அந்தத் தாயாரைப் பார்த்தபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: "மூன்று மாதத்தைத் தாண்டிவிட்டான் ஹஜ்ரத். இப்போது ஒன்பதாவது மாதம்."

நம் வீடுகளையும் நம் பிள்ளைகளையும் இந்தக் கொடிய நோயிலிருந்து அல்லாஹ் பாதுகாப்பானாக! சிக்கிக்கொண்டவர்களுக்கு மீளும் வழியை எளிதாக்குவானாக! ஆமீன்.